தள்ளுவண்டிப் பாட்டு

டெனி கௌலி போட்டது ஒரே ஒரு நிபந்தனை. அதை ஃபோனில் கேட்டவள் நான். அப்பாவுக்கு ஃபோனில் பேச முடியாது. வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காது மிஷினின் தயவில் இருக்கிறது. அதனால் அவர் சமையலறை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் பிறந்த வருடத்திலிருந்து அவர் பேசாமல் இருக்கும் மனிதரோடு நான் பேசினேன்.

“நெவ் ஸ்டோக்கோ பொண்ணா?”

“ஆமா. என் பேரு ஃபெர்ன்.”

“குரல் அப்பன் மாதிரி இல்ல. தப்பிச்சே.” அதே மூச்சில், “ஸ்பகி எல்லாம் சொன்னான் கண்ணு. காது விஷயமும் சொன்னான். சனிக்கிழமை வந்து வாசிக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்த வண்டிப் பாட்டு மட்டும் வேணாம். அதை எடுத்தீங்கன்னா பேஸ் கிதாரைக் கீழ வெச்சுட்டு பாருக்குப் போயிடுவேன். அப்படியே சொல்லிடு அவன்கிட்ட.”

அப்படியே சொன்னேன். அப்பா தேநீர்க் கோப்பையை மேஜைமீது ஒரு சுற்றுச் சுற்றினார்.

“சரின்னு சொல்லு,” என்றார்.

சரியில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் இந்த ஏற்பாடே. ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பெண் மென்மையாகச் சொல்லியிருந்தாள்: இடது காதும் அதே வழியில்தான் போகிறது, அதிகம் போனால் ஒரு வருடம். அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு அப்பா சொன்னார்: “நாங்க மூணு பேரும் சேர்ந்து ‘யார்டு வாசல்’ வாசிக்கிறத ஒரே ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்.” இதைத் தவிர அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று பேர் என்றால் அப்பா, டெனி, ஸ்பகி. எங்கள் ஊரில் ஸ்பகி என்றால் சிட்டுக்குருவி. டிரம்ஸுக்குப் பின்னால் மெலிந்து உட்கார்ந்திருந்த காலத்தில் வைத்த பெயர்; இப்போது அவர் சட்டைப் பொத்தான்கள் படும் பாட்டைப் பார்த்தால் அந்தப் பெயருக்கே சிரிப்பு வரும். வட இங்கிலாந்தில், எங்கள் சண்டர்லேண்டில், கப்பல் கட்டும் கடைசி யார்டுகளை மூடியபோது மூவருக்கும் ஒரே நாளில் வேலை போனது. அடுத்த வாரமே இசைக்குழு தொடங்கிவிட்டார்கள். டெனியின் சித்தி கம்பளிநூல் கடை வைத்திருந்தாள். புதன்கிழமை மதியத்தோடு ஊரில் கடைகள் எல்லாம் மூடிவிடும் என்பதால் அன்று ஒத்திகைக்குக் கடை இவர்களுக்கு. குழுவின் பெயரும் அதிலிருந்துதான்: எர்லி க்ளோசிங். கடை சீக்கிரம் மூடும் நாள்.

சுவர் முழுக்கக் கம்பளிநூல் உருண்டைகள். எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் அவை குடித்துவிடும். அதனால் இன்னும் சத்தமாக வாசித்தார்கள். பிற்பாடு எங்கே போய் வாசித்தாலும் அந்தக் கடையின் சத்தத்தோடுதான் வாசித்தார்கள் என்று நினைக்கிறேன். வெறும் சுவருள்ள அறைகளில் ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டதற்கு அது காரணமாக இருக்கலாம். அவசரமான பாட்டுகள். ரெண்டரை நிமிடத்துக்குமேல் எதுவும் போகாது. அப்பாவின் குரல், வாளியில் சரளைக்கல்லைப் போட்டு உருட்டியது மாதிரி. ஆனால் அதற்கு அடியில் கிதார் ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். குழந்தையைத் தூங்கவைக்கப் பாடக்கூடிய மெட்டு. என் அம்மா உண்மையிலேயே அதை முனகித்தான் என்னைத் தூங்கவைத்திருக்கிறாள். அந்த மெட்டை யாரோ கேட்டு, யாரோ எடுத்து, வேறு ஊர்ப் பையன்கள் பெரிய மேடைகளில் பணம் பண்ணினார்கள் என்று ஸ்பகி சொல்வார். அது எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. லண்டன் பத்திரிகை ஒன்று இவர்களைப் பற்றி எழுதியது மொத்தம் ரெண்டு வரி. அதில் ஒரு வரி அப்பாவின் ஸ்வெட்டரைப் பற்றி.

ஆனால் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இன்றைக்கும் இவர்களைக் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ‘யார்டு வாசல்’. அதை அவர்கள் வண்டிப் பாட்டு என்பார்கள். பல்லவி இதுதான்: வாசலில் விட்டுவிட்டு வந்தேன் என் பர்ராவை, ஆறு என்னை இழுத்துக்கொண்டு போனது வீட்டுக்கு. பர்ரா என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. இசைத்தட்டின் உறையிலேயே மழையில் நனைகிற ஒரு தள்ளுவண்டியை வரைந்திருக்கிறது. அதைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள் உண்டு.

இந்த இடத்தில் என் வகுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலைகளில் நூலகத்தின் மாடியில் உதட்டசைவு படிக்கச் சொல்லித் தருகிறார்கள். அப்பாவைத்தான் சேர்க்க நினைத்தேன். “செவிட்டுக் கிழவங்களோட உக்காந்து வாயப் பாக்கவா? நீ போ,” என்றார். போனேன். நல்ல காதோடு அங்கே உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான். கண்ணை மூடிக்கொண்டாலும் சொல்வது எனக்குக் காதில் விழுந்துவிடும் என்பதால், ஏமாற்றுகிறேனோ என்ற எண்ணம் போகவே இல்லை. ஒரு வாரம் டீச்சர் மிஸஸ் லம்லி சொன்னாள்: ம, ப இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும், பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. அவரவர் வீட்டுப் பேச்சிலிருந்து அப்படி ஒரு ஜோடி கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் இடது பக்கம் நின்று கேட்டேன். தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த தட்டு.

“மர்ரா,” என்றார். “பர்ரா.”

“அட, நம்ம பாட்டு,” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “பாட்டுல பர்ரா கிடையாது.”

“எந்தப் பாட்டுல?”

“அதே பாட்டுலதான். எப்பவுமே கிடையாது. மர்ரா.”

மர்ரா என்றால் யார்டில் நம் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன். நாம் கை விட்டால் மறுமுனையைப் பிடிக்கிறவன். நண்பன் என்று சொன்னால் கொஞ்சம் குறையும், அண்ணன் தம்பி என்றால் கொஞ்சம் கூடிவிடும்.

“யாரு அது?”

“எனக்கு எத்தனை மர்ரா இருந்தாங்க? ஒருத்தன்தான்.” தட்டை அடுக்கினார். “கடைசி நாள் எனக்கு அங்க நிக்க முடியல. சங்கு ஊதுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே யார்கிட்டயும் சொல்லாம கிளம்பிட்டேன். பாலத்து மேல ஏறித் திரும்பிப் பாத்தா, டெனி தனியா வாசல்ல நிக்கிறான். எல்லாரும் போயிட்டே இருக்காங்க, இவன் மட்டும் அசையாம நிக்கிறான். என்னைத் தேடிட்டுதான் நிக்கிறான்னு தெரிஞ்சது. நான் திரும்பிப் போகல.”

“இதை ஏம்பா அவர்கிட்ட சொல்லல?”

“பாட்டுலதான் சொன்னேனே.”

“அவருக்கு வண்டின்னுல்ல கேட்டிருக்கு.”

“உறைக்குப் படம் போட்ட பையன் வண்டிய வரைஞ்சு கொண்டுவந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். டெனி பக்கத்துல நிக்கிறான். அப்ப போய், ‘இல்லடா, இது உன்னப் பத்தின பாட்டு’ன்னு எந்த வாயால சொல்றது?” கையைத் துடைத்துக்கொண்டார். “நீ சொல்லாத. சத்தியமா.”

சத்தியம் செய்தேன். செய்திருக்கக் கூடாதோ என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

ஞாயிறு மதியம் ஹார்பர் ரோடு கிளப்பில் ஒத்திகை. சனிக்கிழமை நிகழ்ச்சியும் அங்கேதான். கிளப் செயலாளர் மிஸஸ் ட்வெடல் ஒரு மூலையில் பிங்கோ விளையாட்டுக்கு எண் குலுக்கும் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி நடுவே பிங்கோ உண்டு, அதற்காக யாராயிருந்தாலும் நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

டெனி உயரமான ஆள். பேஸ் பெட்டியை முதுகிலிருந்து இறக்காமல் வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தார்.

“முடி எங்க போச்சு?”

அப்பா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “காது போன இடத்துக்குத்தான்.”

அவ்வளவுதான் பேச்சு. ஒயர்களைச் செருகிச் சுருதி சேர்த்தார்கள். அப்பா தன் இடது காது டெனியின் ஆம்ப்ளிஃபயருக்கு நேராக வரும்படி நாற்காலியை நகர்த்தினார். ஸ்பகி குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினார்.

இசைத்தட்டில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். ஆனால் இது வேறு. வயதான மூன்று மனிதர்கள், எட்டடி தூரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பாட்டின் ஒவ்வொரு வளைவிலும் ஒரே நொடியில் திரும்பினார்கள். டெனியின் பேஸ், கிதார் போகாத இடத்துக்கெல்லாம் போய்த் திரும்பி வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடத்துக்கு முந்தைய புதன்கிழமை ஒன்றில், கம்பளிநூல் உருண்டைகளுக்கு நடுவே அவர் நிற்பது போல எனக்குத் தோன்றியது. நான் பிறக்காத ஒரு மதியத்துக்காக எனக்கு ஏக்கமாக இருந்தது. அப்படி ஏங்க எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை.

மூன்று பாட்டு முடிந்தது. மூன்றாவது முடிந்ததும் ஸ்பகி நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில் மூன்றாவது முடிந்த மூச்சிலேயே ‘யார்டு வாசல்’ தொடங்கும். அவர் தலை மறந்திருந்தாலும் கை மறக்கவில்லை. அந்த டிரம்ஸ் அடி வந்ததும் அப்பாவின் கையும் தானாக இறங்கிவிட்டது.

டெனி பேஸைக் கழற்றி ஆம்ப்ளிஃபயர்மீது சாய்த்து வைத்தார். நேராக பாருக்கு நடந்தார்.

“டேய், கை பழக்கம்டா,” என்றார் ஸ்பகி. “வேணும்னு பண்ணல.”

டெனி எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டே பேசினார். “எத்தனை வருஷம்டா? ஜெர்மனில, டுஸ்ஸல்டார்ஃப்ல ஒருத்தன் பொம்மை வண்டியத் தூக்கி எறிஞ்சான், என் மண்டைல வந்து விழுந்துச்சு. அறையே சிரிச்சது. இவன்தான் அதிகமாச் சிரிச்சான். தினம் சாயந்தரம் என் மானத்த வித்து அதுக்குக் கோரஸும் நானே பாடணும். கார் கம்பெனில வேலை கிடைச்சதாலயா நான் குழுவ விட்டுப் போனேன்? இதுக்குத்தான்டா போனேன்.”

முதுகைப் பார்த்து உதட்டைப் படிக்க முடியாது. அப்பா என் பக்கம் திரும்பினார். “என்ன சொல்றான்?”

“வண்டிய வெச்சு நீங்க அவரைக் கிண்டல் பண்ணீங்களாம்.”

“எந்த வண்டிய?”

டெனி திரும்பினார். “எந்த வண்டியா. கடைசி நாள் நான் எடுத்த வண்டிய.”

பிறகு அவர் சொன்னது இது. கடைசி நாளில் ஆளுக்கு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்பகி சுவர்க் கடிகாரத்தை. ஒருவர் கழிவறைக் கதவையே. டெனி தன் அப்பாவின் காய்கறித் தோட்டத்துக்கு உதவும் என்று ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். வாசலில் காவலாள் மறித்துவிட்டான். கோட்டுக்குள் ஒளிக்க முடிந்ததெல்லாம் அவன் கண்ணில் படாது, ஒளிக்க முடியாததை விடமாட்டான். டெனி விட்டுக்கொடுக்காமல் நின்றார். மொத்த யார்டும் அவரைத் தாண்டிப் போனது. கடைசியில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார்.

“ஊரே பாத்துச்சு,” என்றார் டெனி. “கொஞ்ச நாள் கழிச்சு நீ ஒரு பாட்டு எழுதிக் கொண்டுவர்ற. வாசல்ல விட்டுட்டு வந்தேன் என் பர்ராவைன்னு. நான் என்னன்னு எடுத்துக்கிறது?”

இதை அவர் அப்பாவுக்கு நேராக நின்று சொன்னதால் நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“நீ வண்டியா எடுத்தே?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

“சத்தியமா தெரியாதுடா. நான் அப்பவே பாலத்து மேல போயிட்டேன். அங்கேர்ந்து உன் தலை மட்டும்தான் தெரிஞ்சது. எனக்காக நிக்கிறேன்னு நெனச்சேன்.”

“உனக்காக நான் எதுக்குடா நிக்கிறேன்?”

அப்பா பதில் சொன்னார். ஆனால் குரல் வரவில்லை. உதடு மட்டும் மூடித் திறந்தது.

“அதான், பர்ரா. அதத்தான் நானும் சொல்றேன்,” என்றார் டெனி.

நான் சத்தியம் செய்திருந்தேன். அதை மீறாமல் என்ன சொல்லலாம் என்று யோசித்து, கடைசியில் இதை மட்டும் சொன்னேன்: “அப்பா, சத்தமா சொல்லுங்க.”

தன் குரலின் அளவு இப்போது அவருக்குத் தெரிவதில்லை. “மர்ரா,” என்றார். மிஸஸ் ட்வெடல் பிங்கோ மிஷினிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு.

டெனி அப்பாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“மர்ராதான் எனக்கும் கேட்டுச்சு,” என்றார் ஸ்பகி.

நாங்கள் மூவரும் அவர் பக்கம் திரும்பினோம்.

“முதல் நாள்லேர்ந்தே மர்ராதான் கேட்டுச்சு. ஆனா சுரைக்காய்னு நெனச்சேன்.” சுரைக்காயைப் போலக் கொழுத்து வளரும் ஒரு காய்க்கும் எங்கள் ஊர்ப் பேச்சில் அதே சொல்தான். “எங்கப்பா வருஷா வருஷம் கண்காட்சிக்கு வளப்பாருல்ல. ஏதோ தோட்டத்து சோகம் போலன்னு விட்டுட்டேன்.”

“சுரைக்காய வாசல்ல விட்டுட்டு வந்து எவன்டா அழுவான்?” என்றார் டெனி.

“எங்கப்பா அழுவாரு.”

அப்பாவுக்கு இது எதுவும் கேட்டிருக்காது. ஸ்பகி குனிந்து பேசினார். நான் சொன்னேன். அப்பாவின் தோள் குலுங்கியது. டெனி சிரிக்கவில்லை.

“நான் வண்டிக்காகத்தான் நின்னேன் நெவ். உனக்காக இல்ல. நீ போனதே எனக்குத் தெரியாது.”

“இப்ப தெரியுது.”

“அப்ப உன் பாட்டே பொய்யி.”

“பாதிதான்,” என்றார் அப்பா.

டெனி பேஸைப் பெட்டியில் வைத்தார். சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், அந்தப் பாட்டை விட்டுவிடச் சொல்லி ஸ்பகிக்குச் செய்தி அனுப்பச் சொன்னார். “அவன் வந்தாலே போதும்,” என்றார். போதாது என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை மாலை கிளப் நிறைந்துவிட்டது. எங்கள் ஊர் ஆட்கள் பாதி; மீதி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு தம்பதி, இருவர் சட்டையிலும் தள்ளுவண்டி. முதல் பாதி முடிந்ததும் மிஸஸ் ட்வெடல் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு பிங்கோ நடத்தினாள். ஹாம்பர்க் பெண் பரிசாக ஒரு பெட்டி இறைச்சி ஜெயித்து, அதை எப்படி விமானத்தில் கொண்டுபோவது என்று என்னிடம் கேட்டாள்.

இரண்டாம் பாதியில் கூட்டம் வண்டி, வண்டி என்று கத்தத் தொடங்கியது. அப்பாவுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தார். காது மிஷின் வீறிட்டதால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். இனி இடது காதில் மிச்சமிருந்தது மட்டும்தான். கடைசிப் பாட்டு முடிந்தது. அப்பா கிதார் வாரைத் தோளிலிருந்து இறக்கப் போனார்.

டெனி தன் பேஸைக் கழற்றவில்லை. குனிந்து எதையோ சரிசெய்தார். பிறகு ‘யார்டு வாசல்’ பாட்டின் பேஸைத் தனியாக வாசிக்கத் தொடங்கினார்.

அப்பாவுக்கு அது முதலில் தரைப்பலகை வழியாகக் காலில் வந்திருக்க வேண்டும். கீழே பார்த்தார். பிறகு டெனியைப் பார்த்தார். டெனி அவரைப் பார்க்காமல் ஸ்பகிக்குத் தலையசைத்தார். டிரம்ஸ் வந்தது. அப்பா வாரை மறுபடி தோளில் ஏற்றி, ஒரு சுற்று தாமதமாகக் கிதாரோடு வந்து சேர்ந்தார்.

அறை முழுக்க ஒரே குரலாகப் பாடியது. பல்லவி வந்தபோது எல்லாரும், ஹாம்பர்க்காரர்கள் உட்பட, இரண்டு கையையும் முன்னால் நீட்டி வண்டி தள்ளுவது போலக் காட்டிக்கொண்டு, பர்ரா, பர்ரா என்று கத்தினார்கள். டெனி தன் ஒலிவாங்கியை விட்டு நகர்ந்தார். பேஸை வாசித்துக்கொண்டே மேடையைக் கடந்து அப்பாவின் இடது பக்கம் வந்து, காதோடு வாயை வைத்து அந்தச் சொல்லைக் கத்தினார். ஒரே ஒரு சொல். கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கும் கேட்கவில்லை; உதடு மூடித் திறந்ததை மட்டும் பார்த்தேன்.

அப்பாவின் விரல்கள் நின்றுவிட்டன. கிதார் அப்படியே அறுந்தது. பேஸும் நின்றது. ஸ்பகி மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி, திரும்பிப் பார்த்து, நிறுத்தினார்.

“என்னாச்சு?”

டெனி அப்பாவின் ஒலிவாங்கியில் குனிந்தார். “காது மட்டும்தான் போச்சுன்னு சொன்னாங்க. கையும் போயிடுச்சு போல.”

கூட்டம் சிரித்தது. அப்பா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாக, “முதல்லேர்ந்து,” என்றார்.

“முழுசாவா?” என்று கேட்டார் ஸ்பகி.

“முழுசா.”

டெனி தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கேயே, அப்பாவின் இடது தோளை ஒட்டி நின்றுகொண்டார். ஸ்பகி நான்கு எண்ணினார்.